நடுநூல்

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் சிலை வேலை நடுநூலில்தான் தொடங்கும். கல்லின் உச்சியிலிருந்து அடிவரை காவியில் ஒரு கோடு; சாஸ்திரத்தில் பிரம்மசூத்திரம். காது, தோள், இடுப்பு எல்லாவற்றையும் அதிலிருந்து வலமும் இடமும் அளந்துதான் குறிப்போம். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு எனக்குத் தப்பிப்போனது அந்த நடுதான்.

மூளையின் வலப்பாதியில் அடி. கண்ணில் பழுதில்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் ஏறாது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்க, இன்னும் போடச் சொல்வேன். ஆஸ்பத்திரியில் தாளில் ஒரு கோடு போட்டு, நடுவில் குறி வைக்கச் சொன்னார்கள். என் குறி வலது ஓரத்துக்குப் போயிருந்தது. கை விளங்காமல் போயிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

படிக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் தடிமனாகச் சிவப்புக் கோடு போட்டு, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பப் பழக்கினார்கள். அதையே பட்டறைக்குக் கொண்டுபோனேன். கல்லின் இடது ஓரத்தில் சிவப்பு நூலில் தூக்குக்குண்டு தொங்கும். நூலைப் பார்க்காமல் உளி எடுப்பதில்லை. மீதிக்குச் சிலையின் அளவுகளை வகுக்கும் தாளக்கணக்கு இருந்தது. அதில் ஒரு வகையான உத்தம தசதாளத்தில் உருவம் 124 அங்குலம்; இங்கே அங்குலம் என்பது இஞ்ச் இல்லை, சிலையின் உயரத்தில் 124-ல் ஒரு பங்கு. வலது காதுக்கு வைத்த கவராயத்தை அப்படியே இடது காதுக்கு மாற்றினால் போதும். கண்ணை நம்ப வேண்டியதில்லை.

வலிப்பு வரக்கூடும் என்பதால் கல் அறுக்கும் கிரைண்டரைத் தொடுவதும் சாரத்தில் ஏறுவதும் கூடாது என்றார் டாக்டர். கிரைண்டர் சத்தம் கேட்டாலே மூளை களைத்துவிடும். அந்தக் களைப்பு உறங்கினாலும் சட்டென்று தீராது, வெளியே தெரியவும் செய்யாது. “ஆளு நல்லாத்தானே இருக்கான்” என்பார்கள். தலையில் அடிபட்டவர்களை அதிகம் நோகடிப்பது இந்தப் பேச்சுதான். எங்கள் மேஸ்திரி அப்படிப் பேசவில்லை. “மெஷின் போடுறதுக்கு முன்ன வந்து உன் வேலய முடிச்சிட்டுப் போ மக்கா” என்றார். அளவு குறிப்பதும் முக வேலையும் என் பொறுப்பு. அதற்குரிய கூலி தருகிறார், இரக்கப்பட்டுத் தருவதில்லை.

இப்போது கையில் இருப்பது முழங்கை உயர வலம்புரிப் பிள்ளையார். அதில் துதிக்கை, செதுக்குகிறவனுக்கு இடப்பக்கமாக வளையும். வேண்டுமென்றே கேட்டு வாங்கிய வேலை. வளைவு முடிந்துவிட்டது, நுனியில் மோதகம் பாக்கி.