பன்னிரண்டரை நிமிடம் பிந்தி வந்த செய்தி

டொப்ளர் விளைவைப் படிப்பிக்க எல்லாப் புத்தகமும் ரயிலைத்தான் கொண்டுவரும். கூவிக்கொண்டு கிட்ட வரும் ரயிலின் சத்தம் உச்சத்தில் நிற்கும். கடந்து போனதும் இறங்கிவிடும். 1990க்கும் 2014க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்கு ரயிலே இருக்கவில்லை. ஆகவே நம் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியர் நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு நுனியில் விசிலைச் செருகி, மறுநுனியில் ஊதிக்கொண்டே தலைக்கு மேல் சுழற்றுவார். பற்றரி தடைப்பட்ட பொருளாக இருந்த காலம். மின்மணியைக் கட்டிச் சுழற்ற வழியில்லை. விசில் வகுப்பை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகும், விலகும்போது தடிக்கும். 2014 செப்ரெம்பர் 24 அன்று இந்தியாவின் விண்கலமான மங்கள்யான் செவ்வாயைச் சென்றடைந்ததைப் பின்தொடர வேண்டிய பௌதிகவியலில் பாதி அந்தக் குழாய்க்குள் இருந்தது. மீதிப் பாதி மணிக்கூடு பார்ப்பது.

அந்த வாரம் மாலையில் மேற்கு வானத்தைப் பார்த்தவர்களுக்குச் செவ்வாயைத் தேடவே தேவையிருக்கவில்லை. சிவந்த கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் நின்றது. தூரம் ஏறத்தாழ 22.4 கோடி கிலோமீற்றர்; ஒளி வந்துசேர 12 நிமிடம் 28 செக்கன். போய்த் திரும்ப 25 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. செவ்வாயின் ஈர்ப்பில் பிடிபடுவதற்காக விண்கலத்தின் வேகத்தைக் குறைக்கும் இயந்திர எரிப்புக்குத் திட்டமிட்ட நேரமோ 24 நிமிடம் 14 செக்கன். அதாவது எரிப்பு தொடங்கிய செய்தி பூமிக்கு வந்து, 'நிறுத்து' என்று ஒரு கட்டளை திரும்பிப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் கட்டளைகள் எல்லாம் நேரம் குறித்து, பத்து நாளுக்கு முன்பே விண்கலத்தின் கணினிக்கு ஏற்றப்பட்டன.

பின்தொடர்பவர் முதலில் செய்யவேண்டியது ஒரு தாளில் மூன்று நிரல்கள் கீறுவது: விண்கலத்தில் நடக்கும் நேரம், பூமியில் தெரியவரும் நேரம், நம் ஊர் நேரம். பலரும் சறுக்கியது இங்கேதான். இந்திய, இலங்கை நேரம் காலை 07:17:32க்கு எரிப்பு என்று செய்தியில் வாசித்துவிட்டு, 07:18க்கு ஒன்றும் வரவில்லையே என்று பதறினார்கள். செய்தி 07:30க்குத்தான் வரமுடியும். இரண்டாவது சறுக்கல் கோடைகால நேரம். எரிப்பு லண்டனில் அதிகாலை 02:47. கிறீனிச் நேரத்தை அப்படியே எடுத்தால் 01:47. ரொறன்ரோவில் அது முந்திய நாள், 23ஆந் திகதி இரவு 09:47. சிட்னியில் முற்பகல் 11:47. இதோடு, நேரடி ஒளிபரப்பு எப்போதும் சில பத்துச் செக்கன் பிந்தும் என்பதையும் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.

நாசாவின் ஆழ்விண் வலையமைப்பு எந்த அன்ரனா எந்த விண்கலத்தோடு பேசுகிறது என்பதை இணையத்தில் காட்டிக்கொண்டேயிருக்கும். மங்கள்யானுக்குப் பெங்களூருக்கு அருகே பயலாலுவில் 32 மீற்றர் அன்ரனா இருந்தாலும், இந்தியாவுக்கு அந்த நேரம் செவ்வாய் அடிவானத்துக்குக் கீழே. எரிப்பு தொடங்கிய செய்தியைப் பிடித்தது அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்கு அருகே உள்ள நாசா நிலையம். நாசாவின் அந்த இணையப் பக்கத்தில் தெரியும் நேரம் ஒளி போய்வரும் நேரம். இரண்டால் வகுக்க மறந்தால் தாள் முழுக்கப் பிழைத்துவிடும்.

சரி, தாளில் என்ன எழுதியிருந்தது? விண்கலத்து நேரம் 04:17:32க்குப் பெரிய 2.2 மீற்றர் அன்ரனாவிலிருந்து நடுத்தர அன்ரனாவுக்கு மாறுதல். 06:56:32க்கு விண்கலம் திரும்பத் தொடங்கும். விண்கலம் போகும் திசையை இயந்திரம் நோக்க வேண்டும், அப்போது பெரிய அன்ரனா பூமியைப் பார்க்காது. 07:12க்குக் கிரகணம்: செவ்வாய் சூரியனை மறைக்கிறது, சூரியப் பலகைகள் ஓய, 36 அம்பியர்மணி மின்கலம் சுமையை எடுக்கிறது. 07:17:32க்கு எரிப்பு. நாலே கால் நிமிடம் கழித்து மறைப்பு: இப்போது செவ்வாய் பூமியை மறைக்கிறது. கிரகணமும் மறைப்பும் வேறு வேறு. முதலாவதில் மின் போகும், இரண்டாவதில் பேச்சு போகும். அன்றைய செய்திகள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

அந்த நாலே கால் நிமிடந்தான் உயிர். விண்கலத்தின் வானொலி மீடிறன் 2.3 கிகாஹேர்ட்ஸ் அளவு. பார்வைக்கோட்டில் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர் மாறினால், கேட்கும் மீடிறன் 7.7 ஹேர்ட்ஸ் நகரும். ஒரு படமோ ஒரு சொல்லோ தேவையில்லை; நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு வளைந்தால் இயந்திரம் எரிகிறது. ஆசிரியரின் விசில் மாதிரியேதான். 07:30க்குக் கோடு வளைந்தது.

அந்த வளைவுக்கு இவ்வளவு பேர் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், 440 நியூற்றன் இயந்திரம் 2013 டிசம்பர் 1க்குப் பின் ஏறத்தாழ 300 நாள் தூங்கியிருந்தது. திரவ இயந்திரத்தில் பயப்படவேண்டியது தீயைவிட வால்வு. எரிபொருளும் ஒட்சியேற்றியும் சந்தித்த கணமே பற்றும், பொறி தேவையில்லை. மாதக்கணக்கில் ஆவி வால்வுகள் வழியே கசிந்து, சந்திக்கக்கூடாத இடத்தில் சந்தித்தால் கதை முடிந்தது. 1993 ஓகஸ்ற் 21இல், செவ்வாயை அடைய மூன்றே நாள் இருக்க, நாசாவின் மார்ஸ் ஒப்சேவர் விண்கலம் மௌனமானதற்கு விசாரணைக் குழு சொன்ன மிகச் சாத்தியமான காரணம் அதுதான். 2010 டிசம்பரில் வெள்ளியில் யப்பானின் அகற்சுகி விண்கலம் தவறியதும் உப்புப் படிந்து அடைபட்ட வால்வினால். சிறிய உந்திகளை வைத்து 2015 டிசம்பரில் இரண்டாம் முறை முயன்றே அது ஒழுக்கில், அதாவது வெள்ளியைச் சுற்றும் பாதையில், நின்றது.

மங்கள்யானிலும் வால்வு ஒரு தரம் முரண்டு பிடித்தது. 2013 நவம்பர் 11இல், பூமியைச் சுற்றும் ஒழுக்கின் உச்சத்தை 71,623 கிலோமீற்றரிலிருந்து ஒரு இலட்சத்துக்கு உயர்த்தப் பார்த்தபோது, வால்வைத் திறக்கும் முதன்மை மின்சுருளுக்கும் மாற்று மின்சுருளுக்கும் ஒரே நேரத்தில் மின் கொடுத்துப் பார்த்தார்கள். எரிபொருள் ஓட்டம் நின்றுபோனது, உச்சம் 78,276இல் தங்கிவிட்டது. மறுநாள் 118,642க்கு உயர்த்திச் சரிசெய்தார்கள். இரண்டு சுருளையும் சேர்த்து இயக்கக்கூடாது என்ற பாடம் பூமிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது பெரிய வாய்ப்பு. செவ்வாயில் அது நடந்திருந்தால் மறுநாள் என்று ஒன்று இருந்திராது. பூமியை விட்டு நீங்கிய பின் பழைய குழாய்த் தொகுதியை அடைத்துவிட்டு, செவ்வாய்க்கென்று வைத்திருந்த இரண்டாவது தொகுதியைத் திறக்கும் ஏற்பாடும் இருந்தது. செப்ரெம்பர் 22இல் இயந்திரத்தை 3.968 செக்கன் எரித்துப் பார்த்தார்கள். அந்த நாலு செக்கன், எம் கணிப்பில், முழுப் பயணத்திலும் மிக முக்கியமான நாலு செக்கன். அதுவும் தவறியிருந்தால் எட்டு 22 நியூற்றன் உந்திகளை மட்டும் நீண்டநேரம் எரிக்கும் மாற்றுத் திட்டம் ஆயத்தமாக இருந்தது. திட்டப் பணிப்பாளர் சுப்பையா அருணனும் நிகழ்ச்சித்திட்டப் பணிப்பாளர் மயில்சாமி அண்ணாதுரையும் தமிழ்நாட்டுக்காரர் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் இப்படி மாற்று வழிகளை அடுக்கிவைத்த கவனத்துக்கே முதல் மரியாதை.

பின்னர், மறைப்பு தொடங்கியதும், மங்கள்யானின் சத்தம் அறுந்தது. அறுந்த நேரத்தையும் செக்கன் கணக்கில் குறிக்க வேண்டும். 1999 செப்ரெம்பர் 23இல் நாசாவின் மார்ஸ் கிளைமேற் ஓர்பிற்றர் விண்கலம் எதிர்பார்த்ததற்கு 49 செக்கன் முந்தி மறைந்தது; அந்த 49 செக்கனே முதல் அபாயமணி. கணத்தாக்கைப் பவுண் கணக்கில் கொடுத்ததை நியூற்றன் என்று எடுத்ததில், 226 கிலோமீற்றர் உயரத்தில் கடக்கவேண்டியது 57இல் போய் அழிந்தது. அலகு எழுதாத விடைக்குப் புள்ளி இல்லை என்று நம் ஆசிரியர்கள் வெட்டியது ஞாபகமிருக்கும்.

மங்கள்யான் 26 நிமிடம் பேசவில்லை. காலை 8 மணியளவில், லண்டனில் மூன்றரைக்கு, சத்தம் திரும்பி வந்தது. இயந்திரம் 1388.67 செக்கன் எரிந்து, வேகம் செக்கனுக்கு 1099 மீற்றர் மாறியிருந்தது. திட்டத்தைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் குறைவு என்று சிலர் கலங்கினார்கள். இயந்திரத்தை நிறுத்துவது மணிக்கூடு அல்ல, வேகமாற்றத்தை அளக்கும் ஆர்முடுகல்மானி. வேண்டிய வேகமாற்றம் கிடைத்ததும் அது மூடிவிடும்.

ஒழுக்கு 421.7 கிலோமீற்றருக்கு 76,993.6 கிலோமீற்றர் என்றும், ஒரு சுற்றுக்கு 72 மணி 51 நிமிடம் 51 செக்கன் என்றும் அறிவித்தார்கள். கல்லூரியில் இன்று உயர்தரம் படிப்பவர்கள் கணிகருவியால் சரிபார்க்கலாம். இரண்டு உயரங்களின் சராசரியோடு செவ்வாயின் ஆரையைக் கூட்டுங்கள். மும்மடியாக்கி, செவ்வாயின் ஈர்ப்பைக் குறிக்கும் எண்ணான 42,828ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 2πயால் பெருக்குங்கள். ஆரைக்கு 3,390 போட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் குறையும். உயரங்கள் மத்தியகோட்டு ஆரையிலிருந்து அளக்கப்பட்டவை என்று எடுத்து 3,396 போட்டால், 72 மணி 51 நிமிடம் 38 செக்கன் வரும்.