வெயிலைக் கழற்ற முடியாது: பாக்கெட் கடிகாரம் செய்யப் பழகியவனின் குறிப்பு

காட்பாடி வீட்டு மாடியறையில் பாக்கெட் கடிகாரம் செய்யப் பழகத் தொடங்கி நான்கு வருடமாகிறது. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கலாம்?" என்பதுதான். லேத் பிறகு. முதல் ஆறு மாதத்துக்கு அரம் போதும். ஒரு பித்தளைத் தகட்டின் இரு முகமும் சமமாக வரும்வரை ராவிக்கொண்டே இருங்கள். கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங், முடிபோல் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங், அச்சு நுனிகளைத் தாங்கும் கற்கள் ஆகியவற்றைக் கூச்சமில்லாமல் கடையில் வாங்கிவிடலாம்.

என் நாட்களைத் தின்றது, ஹேர் ஸ்பிரிங்கோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு. அதன் நுனி 0.1 மில்லிமீட்டர்தான். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்துக்கு வரும். அதை மெல்லச் சூடாக்கி, சுமார் 300 டிகிரியில் நீலம் பூத்ததும் நிறுத்தி, பிறகு உளியால் கடைய வேண்டும். பதினேழு உடைந்தன. பதினெட்டாவது தரையில் விழுந்தது, இன்னும் தேடுகிறேன். ஒன்று செய்து பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், இருபதுக்குக் கம்பி நறுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி போட்டால் உதிரிகள் பறக்கும். போடாவிட்டால் வியர்வை விரல் பட்ட எஃகு துருப்பிடிக்கும். நான் விடியற்காலை நாலரைக்கு உட்கார்ந்து ஏழரைக்கு எழுந்துவிடுவேன். ரப்பர் விரலுறையும் உண்டு.

முதல் கடிகாரம் வினாடிக்கு 5 முறை "டிக்" என்று துடிக்கும், மணிக்கு 18,000 முறை. பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து எடுத்த எஃகு ஹேர் ஸ்பிரிங்கைப் போட்டிருந்தேன். மார்கழியில் திருத்திவைத்தது, சித்திரையில் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. சக்கரங்களைப் பல் பல்லாக நகரவிடும் எஸ்கேப்மென்டை மூன்று முறை கழற்றிப் பூட்டினேன். வேலூர் லாங் பஜார் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, வெயிலைக் கழற்ற முடியாது. ஸ்பிரிங்கை மாற்று" என்றார்.

சூடேறினால் எஃகுச் சுருளின் விறைப்பு தளரும். ஒரு டிகிரி கூடினால் நாளுக்குச் சுமார் 11 வினாடி போய்விடும். மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையே கூடிய பன்னிரண்டு டிகிரிக்கு என்ன ஆகும் என்று பள்ளிப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும், எனக்குத்தான் தோன்றவில்லை. வெப்பத்துக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த வகைச் சுருளையே முதலிலிருந்து வாங்குங்கள்.

இப்போது மேசையில் படுக்கவைத்தால் நாளுக்கு 8 வினாடிதான் பிசகுகிறது. சட்டைப்பையில் நிமிர்ந்து நின்றால் 20. சக்கரத்தின் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது. அதை வரும் மார்கழியில் பார்த்துக்கொள்கிறேன்.