டீசல் வாசனை அடித்த கயிறு

கயிற்றுப் பையைத் திறந்ததும் டீசல் நெடி மூக்கில் அடித்தது. ஜெயந்தியா மலையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தோம். பிப்ரவரி மாதம். மேகாலயாவில் குகைக்குள் இறங்குவதென்றால் குளிர்காலம்தான். மழை பிடித்துவிட்டால் அங்கே குகையும் ஆறும் ஒன்றுதான். குழுவின் கயிறு, கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எதை எடுத்துப் போகலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வதும் நான்தான். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலை தூக்கத்தைக் கெடுக்கும்.

பையில் இருந்தது பத்தரை மில்லிமீட்டர் தடிமனுள்ள 60 மீட்டர் ஸ்டாடிக் கயிறு, அதாவது அதிகம் நீளாத நைலான் கயிறு. இரண்டு வருடம்கூட ஆகாதது, எங்களிடம் இருந்ததிலேயே நல்லது. மறுநாள் இறங்க வேண்டிய செங்குத்துக் குழி சுமார் 40 மீட்டர். வேறு எந்தக் கயிறும் ஒற்றையாக அதன் அடியை எட்டாது.

டிரைவரைக் கேட்டேன். ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் கேன் ஒழுகியிருக்கிறது. "டீசல்தானே, அலசினால் போச்சு" என்றார்கள் எல்லோரும். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். நைலான் டீசலையும் மண்ணெண்ணெயையும் ஓரளவு தாங்கும். கயிறு வழுக்கும், மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும், அது வேறு தலைவலி. அலசிக் காயவைத்துச் சாமான் இறக்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற அளவில்தான் யோசனை ஓடியது.

அப்புறம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு பக்கம் நீளவாக்கில் இன்னொரு ஈரம் தெரிந்தது. அதில் டீசல் வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை.

மறுபடி டிரைவரிடம் போனேன். வாயில் க்வாய். அந்த ஊரில் பாக்கு மெல்லாமல் ஒரு பேச்சும் நகராது. வண்டியில் வேறு என்ன இருந்தது என்று கேட்டதும் நிதானமாக யோசித்துச் சொன்னார். வழியில் ஒரு கடைக்காரரின் இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றி இரண்டு ஊர் தள்ளி இறக்கிவிட்டாராம். ஒரு வளைவில் அது லேசாகச் சாய்ந்ததாம்.

"ஆசிட் கொட்டியதா?"

"ஆசிட் எல்லாம் இல்லை பாஹ். கொஞ்சம் தண்ணிதான்."

பேட்டரியில் இருப்பதைத் தண்ணி என்றே சொல்வது நாகர்கோவிலிலும் பழக்கம்தான். என் சித்தப்பா பேட்டரிக் கடையில் வேலை பார்த்தவர். கடைப் பையன்களின் பேன்ட் சாயங்காலம்வரை நன்றாகத்தான் இருக்கும். துவைத்துக் கொடியில் போட்ட பிறகுதான் சல்லடை மாதிரி ஓட்டை தெரியும். அந்தத் தண்ணியில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். கொட்டினால் தண்ணீர்தான் ஆவியாகும், அமிலம் போகாது. காயக் காய அடர்த்தி கூடும். நைலானுக்கு ஆகாதவற்றில் முதல் ஆள் அமிலம். இழையைப் பிணைத்து வைத்திருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டும். பல நேரம் வெளியுறை பளபளப்பாகவே இருக்கும், தடவினாலும் வித்தியாசம் தெரியாது. ஜெர்மன் ஆல்பைன் கழகத்தில் பல ஆண்டுகள் அறுந்த கயிறுகளையே ஆராய்ந்த பிட் ஷூபர்ட் கண்டதில் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று கூரான பாறை விளிம்பு, மற்றொன்று கந்தக அமிலம்.

என்னிடம் பி.எச். தாள் இருந்தது, அமிலம் பட்டால் சிவக்கும் தாள், வேறு காரணத்துக்காக வைத்திருந்தது. பையின் ஈரத்தில் ஒற்றினேன், தாள் சிவந்துவிட்டது. கயிற்றில் நான்கு இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டு ஒற்றினேன். நான்கிலும் சாதாரண நிறம். இது நிம்மதி தர வேண்டிய செய்திதான். ஆனால் தாள் தொட்டது நான்கு இடம், கயிறு 60 மீட்டர்.

குழுத் தலைவர் இருபது வருடம் குகைகளில் கழித்தவர். எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். "ஜீப்பில் கட்டி இழுத்துப் பார்த்துவிடலாம், வா" என்றார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மரத்தில் ஒரு முனை, வண்டியில் மறுமுனை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். வண்டி உறுமியது, சக்கரம் மண்ணில் சுற்றியது, கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. அறுபடவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வகைக் கயிற்றுக்கு ஐரோப்பியத் தரம் ஒன்று உண்டு, ஈ.என். 1891. அதில் ஏ வகை என்றால் குறைந்தது 22 கிலோநியூட்டன், ஏறத்தாழ 2,200 கிலோ தாங்க வேண்டும். பாதி பலம் போன கயிறுகூட மண்ணில் வழுக்கும் ஜீப்பைப் பிடித்து நிறுத்திவிடும். இருக்கும் பலத்தில் ஒரு பங்கை இந்த இழுப்பே தின்றிருக்கலாம். குழிக்குள் கயிறு முடிச்சில் தொங்கும், ஈரத்தில் ஊறும், விளிம்பில் உரசும், ஏறுகிறவரின் ஒவ்வொரு உந்தலுக்கும் குதிக்கும். அமிலம் வேலையை முடித்துவிட்டதா, இன்னும் செய்துகொண்டிருக்கிறதா என்பதை ஜீப் சொல்லாது.

அடுத்து அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பையின் அடியில்தானே கொட்டியது, அடிப்பக்கம் பத்து மீட்டரை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமே என்றார். கெட்ட இடம் தெரிந்தால் நாங்களும் அப்படித்தான் செய்வோம். குகைக்காரர்கள் கயிற்றை வட்டமாகச் சுற்றி வைப்பதில்லை. கடைசி முடிச்சுள்ள முனையை முதலில் போட்டு, கைகையாகப் பைக்குள் திணித்துக்கொண்டே போவோம். பை நின்றிருந்தால் அடியில் கொட்டியது கீழ்முனையைத்தான் தொட்டிருக்கும். அன்றைக்குப் பை வண்டியில் படுத்துக் கிடந்தது. ஈரம் நீளவாக்கில் இருந்தது அதனால்தான். அந்தப் பக்கத்தில் கயிற்றின் எந்தெந்த மடிப்பு உரசிக்கொண்டிருந்தது என்று யார் சொல்வது? வெட்ட வேண்டிய இடம் எனக்குத் தெரியவில்லை.

"சந்தேகம் என்றால் தூக்கிப் போடு" என்பது எங்கள் தொழிலில் மந்திரம் மாதிரி. எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. அப்படிப் பார்த்தால் வௌவால் எச்சத்திலும் சேற்றிலும் புரண்டு வரும் கயிற்றையெல்லாம் வாரம் ஒருமுறை எறிய வேண்டும். சேறு ஆற்றில் அலசினால் போகும். அதற்கு முந்தைய வருடம் ஒரு குகையில் துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. மேலே பழைய எலிவளை நிலக்கரிச் சுரங்கங்கள், ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கே குடைந்தவை. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது, ஆனால் நிலக்கரியில் இருக்கும் கந்தகம் தடையைப் படிக்குமா? காற்றும் தண்ணீரும் பட்டு அமிலமாகி ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்து லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாகிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பி.எச். தாள் வாங்கியதே அதற்காகத்தான். தண்ணீர் 3 காட்டியது. 7க்குக் கீழே போகப் போக அமிலம். அந்தக் கயிற்றைக் காயவிடாமல் அன்றைக்கே நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஆள் தொங்கும் வேலையிலிருந்து எடுத்து, மூட்டை இழுக்கும் கயிறாக்கினேன். அதில் தொட்டது எது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் தெரியும். பேட்டரிக் கயிற்றில் எனக்கு இருந்ததெல்லாம் "கொஞ்சம் தண்ணி" என்ற ஒரு வார்த்தை.

அன்றிரவு பதிவேட்டில் அந்தக் கயிற்றைக் கண்டம் செய்து எழுதினேன். ஆபீஸ் ஜீப்புக்குச் சொல்கிற அதே கண்டம்தான், இனி உபயோகத்துக்கு ஆகாது என்று ஒதுக்குவது. தலைவர் படித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் திட்டுவதைவிட மோசம். மறுநாள் இரண்டு சின்னக் கயிறுகளை நடுவில் முடிச்சுப் போட்டு இணைத்து இறங்கினோம். அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கருவியைக் கழற்றி முடிச்சுக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் போயிற்று. ஒரு பெண்ணுக்கு முடிச்சில் கை மரத்துவிட்டது. பத்திரமானதென்று நான் சொன்ன வழிக்கும் விலை இருந்தது. அளக்க வேண்டிய இரண்டு கிளைகளை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தோம்.

கண்டம் ஆன கயிற்றை முழுசாக விட்டுவைக்கக் கூடாது என்பதை ஏற்கெனவே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். மாடு கட்டக் கேட்டார் என்று ஒருவருக்கு இருபது மீட்டர் பழைய கயிறு கொடுத்தேன். அடுத்த வருடம் போனால் பாக்கு மரம் ஏறும் பையன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு உச்சியில் இருக்கிறான். அவன் இறங்கிவரும்வரை நான் மரத்தடியைவிட்டு நகரவில்லை. அதனால் இந்த முறை பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, கத்தியை அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சி, 60 மீட்டரையும் துண்டு போட்டேன். நைலான் உருகும் நெடியில் டீசல் வாசனை காணாமல் போனது. டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெட்டிய துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலு மீட்டர் துண்டு ஒன்றைப் பலமுறை அலசி ஊருக்கு எடுத்துவந்தேன். மூன்று வருடமாகப் புறவாசலில் தென்னைக்கும் சுவருக்கும் நடுவே கொடியாகத் தொங்குகிறது. அம்மா அதில் நனைந்த கம்பளி, ஜமுக்காளம் எல்லாம் போடுகிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சொன்னாள்: "மக்ளே, இம்புட்டு உறுதியான கயிறையா துண்டு துண்டா வெட்டிப் போட்ட?"