பின்சீட்டிலிருந்து பார்த்து வாங்கிய வண்டி

எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் நேராக ஓட்டுகிற சீட்டில்தான் ஏறி உட்காருகிறார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்து, திரையைத் தொட்டு, சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்த்து, அங்கேயே பாதி மனசு முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டு வண்டியில் முக்கியமானவர்கள் உட்காரப்போவது பின்சீட்டில். மூட்டுத் தேய்மானத்தோடு இருக்கும் என் அம்மா, நான்கு வயது மகள், பள்ளிக்கூடம் போகும் மகன். நெல்லைப் பக்கம் வீரவநல்லூரிலிருந்து அம்மாவை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, குழந்தைகளோடு பாபநாசம் போவது, நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போவது, இதுதான் எங்கள் ஓட்டம். அதனால் விலை கேட்பதற்கு முன்னால் அம்மாவை ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஷோரூமுக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். அம்மா சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் மர நாற்காலியின் உயரத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு வண்டியிலும் தரையிலிருந்து பின்சீட்டு விளிம்பு வரை அதே டேப்பை வைத்தேன். சேல்ஸ் தம்பி, "மேடம், கிரவுண்ட் கிளியரன்ஸ் நான் சொல்றேனே" என்றார். அது வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற எண், எனக்கு வேண்டியது அது இல்லை. தாழ்வான செடானில் அம்மா விழுந்த மாதிரி உட்கார்ந்து, எழுந்திருக்க இரண்டு பேர் கை கேட்கிறார். ரொம்ப உயர்ந்த வண்டியில் வலது காலைத் தூக்கி வைத்ததும் இடது காலில் மொத்த பாரமும் இறங்கி, வலியில் முகம் சுருங்குகிறது. என் வீட்டுக்காரருக்கு டாடா ஹாரியர் மேல் ரொம்ப ஆசை. நல்ல வண்டிதான். மோதல் சோதனை வைத்து நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டின் பாரத் என்கேப்பில் முதன்முதலாக 2023 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை ஹாரியரும் சஃபாரியும். ஆனால் அம்மா கதவோரம் நின்று மேலே பார்த்து, "ஏட்டி, இதுல ஏற ஒரு முக்காலி கொண்டாரணும் போலிருக்கே" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நடுத்தர அளவு எஸ்யூவிகளில் சீட்டு இடுப்புக்கு நேராக வருகிறது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். முழங்கால் வலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணமே இந்த ரக வண்டிக்குப் போதுமான காரணம்.

உட்கார்ந்த பிறகும் பார்க்க வேண்டியது இருக்கிறது. தொடை முழுக்க சீட்டில் படிகிறதா, கதவின் மேல் பிடி கைக்கு எட்டுகிறதா, பின்னால் ஏசி காற்று வருகிறதா. ஜன்னல் விளிம்பு ஏறிக்கொண்டே போகும் வண்டிகளில் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது. காரையார் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வர அது போதும்.

பாதுகாப்புக்கு வருவோம். நட்சத்திரம் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருடம், எத்தனை ஏர்பேக் உள்ள வண்டிக்கு என்றும் கேளுங்கள். கியா செல்டோஸுக்கு 2020-ல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச மோதல் சோதனை அமைப்பு கொடுத்தது மூன்று நட்சத்திரம். சோதித்தது இரண்டு ஏர்பேக் வண்டியை. பிறகு ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்ட்டிலும் வந்தது, ஆனால் அந்த மூன்று நட்சத்திரம் பழைய வண்டிக்குக் கொடுத்தது. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகுனும் 2022-ல், அதே அமைப்பு விதிகளைக் கடுமையாக்கிய பிறகு, பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு ஐந்து என்று வாங்கின. குழந்தைகளுக்கான அந்த இரண்டாவது ஐந்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். சோதனையில் வண்டியை 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பக்கம் மட்டும் படுகிற மாதிரி தடுப்பில் மோத வைக்கிறார்கள். அம்பை ரோட்டில் எதிரே வருகிற வண்டி பஸ்ஸை முந்த ஏறி வந்தால் நடப்பதும் அப்படிப்பட்ட மோதல்தான்.

இத்தனையும் பெல்ட் போட்டிருந்தால்தான். பின்சீட்டிலும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனாலும் நம் பக்கம் பின்னால் போடுகிற வீடு அபூர்வம். மோதலில் பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் முழு வேகத்தோடு முன்சீட்டில் போய் இடிக்கிறார், முன்னால் இருப்பவரையும் நசுக்குகிறார். மடியில் வைத்திருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. சைல்ட் சீட்டை சீட்டுக்குள்ளிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டினால் ஆடாது. கொக்கி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்றால் வண்ணார்பேட்டை பாலம் ஏறி இறங்கி ஷோரூமுக்கே திரும்புவது வழக்கம். நாங்கள் விடவில்லை. ஒருநாள் பத்தமடை, சேரன்மகாதேவி வேகத்தடைகள் மேல் அம்மாவைப் பின்னால் வைத்து ஓட்டினோம். இன்னொரு நாள் நான்குவழிச் சாலையில் வள்ளியூர் தாண்டி பணகுடி வரை. ஆடி மாதத்தில் அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வண்டியை அறையும். லாரியை முந்தும்போது லாரி மறைப்பில் காற்று இருக்காது, தாண்டியதும் சட்டென்று வந்து தள்ளும். உயரமான வண்டி அந்த நொடியில் எவ்வளவு நகர்கிறது, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். தென்பாண்டிச் சீமையில் வண்டி ஓட்டுகிறவர்கள் காற்றுக் காலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

எங்களுக்கு அமைந்தது குஷாக், ஒரு லிட்டர் பெட்ரோல், நடு வேரியண்ட். மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தால் நெருக்கம். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சரியாக இருக்கிறது. டிக்கியில் அம்மாவின் வாக்கரும் பைகளும் போகின்றன.

அப்புறம் விலை. சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்ஷோரூம் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கடைசியில் திணறுவீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஐந்து லட்சத்துக்குள் 12 என்றாலும் இந்த ரகத்தில் அந்த விலைக்கு எதுவும் கிடையாது. 14 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 2,52,000. சன்ரூஃபுக்காக 16 லட்சம் வேரியண்ட்டுக்குப் போனால் வரியில் இன்னொரு 36,000. பத்தொன்பதரை லட்சத்திலிருந்து இருபதரைக்குத் தாவினால் வரி 3,51,000-லிருந்து 4,10,000 ஆகிறது. ஒரு லட்சம் கூடப் போட்டதற்கு வரி மட்டும் 59,000 கூடுகிறது! பத்து லட்சத்துக்கு மேல் விலை என்றால் விற்பவரே வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். அது உங்கள் பணம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வரும்.

புது வண்டிக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கானது) கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணத்தில் 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. எஞ்சின் அளவு இங்கே விளையாடுகிறது. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு ஷோரூமில், "இங்க எடுத்தாதான் மேடம் டெலிவரி" என்றார்கள். வெளியே வாங்கிய கொட்டேஷனை மேஜையில் வைத்ததும் தொகை இறங்கியது. ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள்: எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள்ளேயே வந்ததைப் பார்த்த ஊர் இது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி பொதுவாகக் கைவிரித்துவிடும்.

கடனில் மாதத் தவணையைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதம் 20,758. ஏழு வருடம் என்றால் 16,089. மாதம் 4,669 குறைவாகத் தெரியும், ஆனால் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நல்ல சைல்ட் சீட்டுகளும் சில வருட இன்சூரன்ஸும் வாங்கிவிடலாம்.

பதிவு செய்வதற்கு முன்னால், ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் போய் வண்டியை நேரில் பாருங்கள். பதிவான பிறகு வண்டியை மாற்றிக் கேட்பது கஷ்டம். தயாரித்த மாதம் வண்டியிலேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3525 என்றால் 2025-ன் முப்பத்தைந்தாவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் அதையெல்லாம் பார்த்து, சேஸிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்ட பிறகுதான் மீதிப் பணத்தை அனுப்பினோம்.