வன்னிக்குப் போனால் பஸ் நிறுத்தும் கடையில் மட்டும் சாப்பிடாதீர்கள்

வீட்டுக்கு வந்து பையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து வடக்கே போகிற இரவு பஸ் நடுச்சாமத்தில் ஒரு கடையடியில் நின்றால், இறங்கி முகம் கழுவுங்கள், கால் விறைப்புப் போக நாலு எட்டு நடவுங்கள். சாப்பிட மட்டும் சாப்பிடாதீர்கள்.

நான் சாப்பிட்டேன். புத்தளம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. பசி. இரண்டு பராட்டா, ஒரு கரண்டி கோழிக்கறி, ஒரு பால் தேத்தண்ணி. பராட்டாவைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கறிக்குள் இருந்தது ஒரு கழுத்தும் ஒரு துண்டு எலும்பும். பில் 1,450 ரூபாய். விலைப்பட்டியல் எங்கே என்று கேட்டேன். காசு வாங்கியவர் தலை நிமிரவில்லை. உள்ளே ஒரு தனி மேசையில் சாரதியும் நடத்துனரும் பொரித்த மீனோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழும்பிப் போகும்போது அவர்களிடம் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. அந்த மீனின் விலை என் பராட்டாவில் ஏறியிருக்கிறது. பஸ்ஸில் இருந்த நாற்பது பேருக்கும் அப்படித்தான்.

மூன்று நாள் சாப்பாட்டுக்கு என்று நான் எடுத்து வைத்திருந்தது 9,000 ரூபாய். வன்னி மண்ணை மிதிக்க முன்னமே 1,450 போய்விட்டது.

ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பர்கர் பிடிக்கும். கொழும்பில் சம்பளம் வந்த கிழமை நண்பர்களோடு போய் ஒரு பர்கர், கொஞ்சம் உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு சோடா என்று மூவாயிரம் வரை கொடுத்திருக்கிறேன். கூட வேலை செய்கிற புதுக்குடியிருப்புக்காரன் ஒருவன் ஒவ்வொரு முறையும் சொல்வான்: “மச்சான், உந்தக் காசுக்கு எங்கட பக்கம் நாலு பேர் வயிறாறச் சாப்பிடலாம். கிளிநொச்சியில ஒரு பர்கர் போடுறாங்கள், வந்து திண்டு பார்.” ஆனி மாதம் அவன் ஊருக்குப் போனபோது நானும் பின்னால் போய்விட்டேன்.

விடியப்புறம் வவுனியா. பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்ரீயோடு வெளிச்சம் வரும் வரை இருந்துவிட்டு, அம்மாச்சி உணவகத்துக்குப் போனேன். வடமாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கி வைத்து, பெண்கள் நடத்துகிற கடைகள் இவை. வவுனியாவில் மட்டுமல்ல, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உண்டு. இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நேற்றையச் சாமான் கிடையாது. கண்ணுக்கு முன்னால் தோசை வார்க்கிறார்கள், கண்ணுக்கு முன்னால் வடை தட்டுகிறார்கள். குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கேட்டேன். நீத்துப்பெட்டியிலிருந்து நேரே தட்டில் கவிழ்த்தார் ஒரு அக்கா. புட்டின் மேல் ஆவி எழும்பிக்கொண்டிருக்க, “தம்பி, சம்பலும் போடட்டோ?” என்று கேட்டுவிட்டு, வேண்டும் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டார். ஒரு உளுந்து வடை, ஒரு கோப்பை இலைக்கஞ்சி, எல்லாம் சேர்த்து 390 ரூபாய். இரவு கொடுத்த 1,450 அந்த இடத்தில் இன்னொரு தரம் நெஞ்சில் குத்தியது. வன்னிக்கு எந்த வழியால் வந்தாலும் காலைச் சாப்பாடு இங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே. ஓமந்தை வந்ததும் பஸ்ஸில் இருந்த வயதானவர்கள் வெளியே பார்த்தார்கள். போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்று, மூட்டை முடிச்செல்லாம் அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அதைத் தாண்ட வேண்டும். இப்போது பஸ் வேகம்கூடக் குறைக்கவில்லை.

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக இறங்கினேன். இறங்கியது நல்லதாய்ப் போயிற்று, பாலைப்பழக் காலம். வீதியோரம் ஒரு அம்மா மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் இலை விரித்து, மஞ்சள் மஞ்சளாய்க் குவித்து வைத்திருந்தார். ஒரு பேணி 250 ரூபாய். பாலை மரம் வன்னிக் காட்டின் மரம், இந்தப் பழத்தைக் கொழும்புச் சந்தையில் நான் கண்டதேயில்லை. வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. தோலோடு வாயில் போட்டால் முதலில் தேன் மாதிரி ஒரு இனிப்பு, நாலைந்து தின்றதும் பால் உதட்டில் பிடித்துக்கொள்ளும். மேலுதடும் கீழுதடும் ஒட்டத் தொடங்கின. அம்மா ஒரு சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தார். “இதைப் பூசிப்போட்டுத் தின்னுங்கோ தம்பி, எவ்வளவும் தின்னலாம்.” ஒரு பேணி தின்று இன்னொரு பேணி வாங்கினேன். 500 ரூபாய். கவலையே இல்லை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான், முள்ளியவளை எல்லாம் நின்றபடியே பார்த்தேன். பஸ்ஸில் அவ்வளவு சனம்.

முல்லைத்தீவில் ஒரு ஓட்டோக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும். ஏறும்போது “வாங்கோ அண்ணை, பார்த்துத் தாங்கோ” என்றார். இறங்கியதும் 800 ரூபாய். ஓடிய தூரம் இரண்டு கிலோமீற்றர்கூட இராது. மீற்றர் இல்லை. “வெளிநாட்டில இருந்து வந்தனீங்கள்தானே அண்ணை?” என்று கேட்டார். இல்லை, கொழும்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று சொல்லி, 500 கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது வேறொருவர் அதே தூரத்துக்கு 200 வாங்கினார். ஏறுவதற்கு முன்னம் விலை பேசுங்கள். பார்த்துத் தாங்கோ என்று சொல்பவரின் ஓட்டோவில் ஏறவே வேண்டாம்.

ஆனால் அந்தச் சாப்பாடு! ஓலைக் கொட்டில், நாலு மேசை, சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பரிசிச் சோறு, இறால் கறி, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், சொதி, ஒரு பெரிய துண்டு பாரை மீன் பொரியல். இறால் காலையில் பிடித்தது, ஓட்டோடு போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். தலையை உறிஞ்சினால் கறியின் உறைப்பும் கடலின் உப்பும் ஒன்றாய் இறங்கியது. சோறு கேட்கக் கேட்கப் போட்டார்கள். 900 ரூபாய். கொழும்பில் இந்த இறாலை மட்டும் தட்டில் வைத்து இரண்டாயிரத்துக்கு மேல் எழுதியிருப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் கடைக்கார ஐயா சொதியை ஒரு கோப்பையில் ஊற்றித் தந்து குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

பின்னேரம் வட்டுவாகல் பாலம் தாண்டிப் புதுக்குடியிருப்பு. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். அந்த வீதியில் முள்ளிவாய்க்கால் வருகிறது. 2009-க்குப் பிறகு அந்த வழியால் போகிற யாரும் சாப்பாட்டைப் பற்றி நினைக்க மாட்டார்கள், நானும் நினைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை.

இரவு நண்பன் கொத்துரொட்டிக்குக் கூட்டிப் போனான். கொத்துக் கடையைக் காதால்தான் தேட வேண்டும் என்பது அவன் கொள்கை. இரண்டு தகடும் இரும்புக் கல்லில் விழுகிற சத்தம் விட்டுவிட்டு வந்தால் அங்கே ஆளுக்கு ஆள் புதிதாய்க் கொத்துகிறார்கள். சத்தமே இல்லாமல் தட்டு வந்தால் பின்னேரம் கொத்தி வைத்ததைச் சூடாக்கித் தருகிறார்கள். நாங்கள் போன கடையில் சத்தம் வீதி முனைக்கே கேட்டது. லீக்ஸ், வெங்காயம், முட்டை, பிறகு ரொட்டி, கடைசியில் கோழிக் குழம்பு ஒரு அகப்பை. ஒரு முழுக் கொத்து 950 ரூபாய், இரண்டு பேருக்குப் போதும். உப்புக் கொஞ்சம் கூட. ஆனால் ரொட்டி குழம்பில் ஊறிக் களியாகாமல் ஓரம் முறுகியிருந்தது, எனக்கு அது முக்கியம்.

நண்பனின் அம்மா அடுத்த நாள் காலை இடியப்பம் அவித்தார். பர்கர் தின்னத்தான் வந்தேன் என்றதும், பாதை பூட்டியிருந்த காலத்தில் ஒரு றாத்தல் பாணுக்கு நாலு மணிக்கே போய் வரிசையில் நின்றதைச் சொன்னார். 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டப்பட்ட பிறகு வன்னிக்குள் மா, சீனி எல்லாமே தட்டுப்பாடு. “இப்ப பணிசுக்குள்ள கோழி வச்சு விக்கிறாங்களாம், நல்லாச் சாப்பிடு மகன்” என்றார்.

சரி, பர்கருக்கு வருகிறேன். பரந்தன் வழியாகக் கிளிநொச்சி. முதலில் ஒரு தவறு செய்தேன். படம் பார்த்து மயங்கி, ஏசி போட்ட ஒரு கடைக்குப் போனேன். கறுப்புப் பணிஸ், மேலே ஒரு குச்சி குத்தி, மரப்பலகையில் வந்தது. 1,600 ரூபாய். கோழிக் கட்லட் உறைபெட்டியிலிருந்து எடுத்ததுதான், நடுவில் இன்னும் குளிர் விடவில்லை. திருப்பிக் கொடுத்தேன். சூடாக்கிக் கொண்டுவந்தார்கள், இப்போது பணிஸ் ரப்பர். அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். காசைத் திருப்பித் தரவில்லை. மூன்று நாளில் சாப்பாட்டுக்கு நான் அழுத காசு இந்த 1,600-உம் பஸ் கடையின் 1,450-உம்தான்.

நண்பன் சொன்ன கடை கந்தசுவாமி கோயிலடியிலிருந்து கரடிப்போக்குச் சந்திப் பக்கம் நடந்தால் வீதியோரத்திலேயே இருக்கிறது. தகரக் கூரை, மஞ்சள் லைட் மாலை, பெயர்ப்பலகை இன்னும் போடவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், வெள்ளிக்கிழமை பூட்டு. மாட்டிறைச்சி இல்லை, கோழியும் மீனும்தான்.

அடுப்படியில் நின்று முழுவதையும் பார்த்தேன். கோழியின் தொடைச் சதையை எலும்பு நீக்கி, எருமைத் தயிரில் உள்ளி, மிளகு, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போட்டு முதல்நாள் இரவே ஊறவைக்கிறார்கள். ஓடர் சொன்ன பிறகுதான் மாவில் புரட்டி எண்ணெயில் போடுவது. எட்டு நிமிடம் ஆகும் என்றார் தம்பி, ஆகியது. பணிஸ் பக்கத்து ஒழுங்கையில் விறகுப் போறணையில் மூன்று மணிக்குச் சுட்டு எடுத்தது. அதை இரண்டாய் வெட்டி, மாஜரின் தடவி, ரொட்டிக் கல்லில் வெட்டு முகத்தைக் கவிழ்த்து அமத்துகிறார். அது பொன்னிறமாய் முறுகினால்தான் சோஸ் உள்ளே இறங்கிப் பணிஸைக் களியாக்காது. கொழும்பில் மூவாயிரம் வாங்குகிற கடைகளிலேயே பாதி இதைச் செய்வதில்லை. சலாது இலைக்குப் பதில் நூல் மாதிரிச் சீவிய கோவாவும் சின்ன வெங்காயமும், தேசிக்காய்ப் புளி பிழிந்து. மயோனீஸில் செத்தல் மிளகாயை இடித்துக் கலந்திருந்தார்கள்.

கடித்தேன். மேல் பொருக்கு நொறுங்கி, உள்ளே சதை தண்ணீர்ப் பதத்தோடு இருந்தது. தயிரின் புளிப்பு முதலில், உறைப்பு பின்னால், விறகுச் சூட்டின் வாசம் பணிஸில். வாய் நிறைய இருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்று 750 ரூபாய். சீஸ் வேண்டுமென்றால் 100 கூட, அதை விட்டுவிடுங்கள், உறைப்பை மூடிவிடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னம் எண்ணெயும் மாவும் விற்ற விலைக்கு இது பாதி விலையில் போயிருக்கும் என்று அண்ணன்காரர் சொன்னார். இப்போதும் எனக்கு இது மலிவுதான். நான் இதுவரை தின்ற பர்கர்களில் முதலிடம் இதற்குத்தான்.

போகும்போது இரவுக்கு என்று ஒன்று கட்டச் சொன்னேன். “எத்தினை மணிக்குச் சாப்பிடுவீங்கள் அண்ணை?” நடுச்சாமம் ஆகும் என்றேன். “அப்ப மயோனீஸ் போட மாட்டன், பழுதாய்ப் போயிடும். சம்பல் தனியாக் கட்டித் தாறன்.” இப்படிச் சொல்கிற கடையை நம்பலாம்.

திரும்பும் பஸ் முறிகண்டியில் நின்றது. ஏ9-இல் போகிற வாகனம் எதுவும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமலோ உண்டியலில் காசு போடாமலோ போகாது. கும்பிட்டுவிட்டு, மணலில் வறுத்த சூட்டோடு ஐந்து சரை கச்சான் வாங்கினேன், 500 ரூபாய். அலுவலகத்தில் முறிகண்டி எங்கே என்றால் கச்சான் எங்கே என்றுதான் அர்த்தம். செலவைக் கூட்டிப் பார்த்தேன்: ஏமாந்த இரண்டு கடைகளையும் சேர்த்து 8,700.

ஒரு மணிக்குப் பஸ் மறுபடி ஒரு கடையடியில் நின்றது. சாரதியும் நடத்துனரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் இறங்கவில்லை. கடதாசியைப் பிரித்தேன். பொருக்கு இளகியிருந்தாலும் சதை அதே ருசி. பக்கத்து இருக்கை ஐயா கண் விழித்து, “என்ன தம்பி, மணக்குது?” என்று கேட்டார். பாதியைப் பிய்த்து, சம்பலை வைத்து அவரிடம் நீட்டினேன்.