'இட்' எங்கே உட்காரும்?

ஒரு மீட்டிங்கை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லி ஃபோன் செய்தேன். "கேன் வீ புட் ஆஃப் இட் ஃபார் டூ டேஸ்?" எதிர்முனையில் அரை நொடி அமைதி, அப்புறம் "ஓ, புட் இட் ஆஃப்? ஷ்யூர்" என்று பதில் வந்தது. என்னைத் திருத்தவேண்டும் என்று அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் கூசிவிட்டது.

வீட்டில் ஒரு நோட்டு நிறைய ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'டவுன்' மாதிரி ஒரு குட்டிச் சொல் சேர்ந்த தொடர்) எழுதி மனப்பாடம் செய்தவன் நான். கோளாறே அந்த நோட்டில்தான். 'புட் ஆஃப் - தள்ளிப்போடு' என்று எழுதியிருந்தேன். தமிழில் 'தள்ளிப்போடு' ஒட்டிக்கொண்ட சொல், நடுவில் 'அதை'யைச் செருக முடியாது. நாக்கு அதே பழக்கத்தில் புட் ஆஃபையும் பிரிக்க மறுத்தது.

பெயர்ச்சொல் வந்தால் தொல்லை இல்லை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. லைட்டுக்குப் பதில் 'இட்' வந்தால் மட்டும் நடுவில்தான் உட்காரவேண்டும். ஆங்கிலம் கனமான, புதிய சொல்லைக் கடைசியில் வைக்க விரும்பும். 'இட்' ஏற்கெனவே தெரிந்த விஷயம், அழுத்தமில்லாத குட்டிச் சொல்.

இது புரிந்ததும் கண்டதையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தேன். 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்! அது பிரியாத ஜாதி, 'லுக் ஆஃப்டர் ஹிம்'தான். எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் போட்டுப் படிப்பதைவிடக் காதால் பிடிப்பது எனக்கு எளிதாக இருந்தது. 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது குரல் 'ஆஃப்'பில் விழும், பிரியாத 'லுக் அட் ஹிம்'மில் 'லுக்'கில் விழும். எல்லா இடத்திலும் இது செல்லாது, 'கெட் ஓவர் இட்' ஏமாற்றிவிடும். அதில் 'ஓவர்' அழுத்தமாக வந்தும் பிரியாது.

அடுத்த வம்பு, கால அளவு. நடுவில் இடம் இருக்கிறதே என்று 'புட் இட் ஃபார் டூ டேஸ் ஆஃப்' என்றும் உளறியிருக்கிறேன். 'இட்' உட்கார்ந்தாச்சு, நாள் கணக்கெல்லாம் 'ஆஃப்'புக்குப் பின்னால்தான்: 'புட் இட் ஆஃப் ஃபார் டூ டேஸ்'. பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்பதற்கு 'ஐ வில் கால் யூ பேக் இன் டென் மினிட்ஸ்'. அந்த 'இன்'னுக்குப் பதில் 'ஃபார்' போட்டால், பத்து நிமிடம் விடாமல் ஃபோன் அடித்துக்கொண்டே இருப்பேன் என்பது போல ஆகிவிடும். 'ஹேங் ஆன் எ மினிட்' மாதிரி சிலவற்றில் 'ஃபார்' இல்லாமலே ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த குழப்பம் 'எ பிட்'. 'டர்ன் இட் டவுன் எ பிட்' என்றால் சத்தத்தைக் கொஞ்சம் குறை. 'டர்ன் இட் டவுன் ஃபார் எ பிட்' என்றால் கொஞ்ச நேரத்துக்குக் குறை. ஒரு 'ஃபார்' அளவை நேரமாக்கிவிடுகிறது.

சரி, பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன், இந்த முறை 'இட்', 'ஹிம்', 'ஹர்' எல்லாம் சேர்த்தே: 'புட் இட் ஆஃப்', 'கால் ஹர் பேக்', 'லுக் ஆஃப்டர் ஹிம்'. ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இப்போது 'இட்' தானாக இடம் பிடித்துக்கொள்கிறது, அவசரத்தில் 'தெம்' மட்டும் இன்னும் சில சமயம் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்.