மீண்டும் நான்காம் லெவலா, எக்ஸெல் கோல்டா: எங்கள் வீட்டில் ஒரு வாரம்

கடந்த ஆண்டு மே மாத இறுதியில், டெக்சஸில் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில், எங்கள் மகள் செல்லும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடத்திலிருந்து அடுத்த பருவத்துக்கான குழு ஒதுக்கீடு மின்னஞ்சலில் வந்தது. ஒன்பது வயதான அவள் நான்காம் லெவலில் ஒரு பருவம் போட்டியிட்டு முடித்திருந்தாள். அவளுடைய குழுவில் பெரும்பாலான சிறுமிகள் ஐந்தாம் லெவலுக்குச் செல்ல, அவளுக்கும் இன்னொரு சிறுமிக்கும் மட்டும் இரண்டு வழிகள் தரப்பட்டிருந்தன: நான்காம் லெவலில் இன்னொரு பருவம் இருக்கலாம், அல்லது எக்ஸெல் திட்டத்தின் கோல்டு பிரிவுக்கு மாறலாம். ஒரு வாரத்துக்குள் எங்கள் முடிவைத் தெரிவித்துக் கையொப்பமிட வேண்டும்.

இந்த முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். யூஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் மேம்பாட்டுத் திட்டத்தில் 1 முதல் 10 வரை லெவல்கள் உள்ளன. முதல் ஐந்து லெவல்களில், நாட்டின் எந்த மூலையில் பயின்றாலும், எல்லாச் சிறுமிகளும் வகுத்துத் தரப்பட்ட ஒரே அசைவுகளைத்தான் செய்து காட்ட வேண்டும். ஃப்ளோர் எனப்படும் தரைப் பயிற்சிக்கான இசைகூட ஒவ்வொரு லெவலிலும் அனைவருக்கும் பொதுவானது. ஆறாம் லெவலிலிருந்துதான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைப்பார்கள். எக்ஸெல் என்பது இதற்கு இணையாக நடக்கும் இன்னொரு திட்டம். பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், சஃபையர் என்ற பிரிவுகளைக் கொண்ட அதில், விதிகள் கேட்கும் வகைகளுக்குள் குழந்தைக்கு எது நன்றாக வருகிறதோ அதைக் கொண்டு பயிற்சியாளர் அமைத்துத் தருவார்.

இவை எல்லாம் அன்றிரவு எனக்குத் தெரியும் என்றாலும், பயன்படவில்லை. கார்லி பேட்டர்சனும் நாஸ்தியா லியூகினும் பயிற்சி பெற்று, 2004இலும் 2008இலும் ஒலிம்பிக் தங்கத்துடன் திரும்பிய டாலஸின் வடபுறத்தில்தான் நாங்கள் வசிக்கிறோம். பெற்றோர் உட்காரும் பகுதியில் எக்ஸெல் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எக்ஸெல் என்றால் ஒரு படி கீழே என்ற அந்த எண்ணம் எனக்குள்ளும் ஊறியிருந்தது. சமையலறையில் நின்றபடி, வேலைக்காக வெளியூர் சென்றிருந்த கணவரிடம் தொலைபேசியில், "கீழே இறக்கிட்டாங்க" என்று சொன்னேன். பற்களைத் துலக்கிவிட்டு வந்த மகள் வாசலில் நின்று கேட்டாள்: "நான் கீழே போயிட்டேனா அம்மா?"

இதைத்தான் நான் முதன்மையாக எழுத விரும்பினேன். சிறார் பாதுகாப்பு விதிகளின்படி, பயிற்சியாளர் ஒரு குழந்தைக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பினால் பெற்றோரையோ வேறொரு பெரியவரையோ அதில் சேர்த்தாக வேண்டும். அது மிகவும் தேவையான விதி. எங்கள் கூடத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, குழு ஒதுக்கீட்டைப் பெற்றோருக்கு மட்டுமே தெரிவிக்கிறார்கள். ஆகவே அந்தச் செய்தி எந்த உருவத்தில் என் மகளைச் சென்றடைய வேண்டும் என்பது முழுவதும் என் கையில் இருந்தது. நான் அதை ஒரே சொல்லில் கெடுத்துவிட்டேன். அன்றிரவு அவள் அருகில் படுத்துக்கொண்டு, அம்மா தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன், உனக்கு முன்னால் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன, எது என்று இன்னும் முடிவாகவில்லை என்று திருத்திச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பினாளா என்பது முகத்தில் தெரியவில்லை.

பயிற்சியாளருக்கு மறுநாள் எழுத நினைத்த கடிதத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டு எழுதியதால், அதில் "ஏன்" என்ற சொல் இல்லாமல் போனது. இருபது நிமிட நேரம் மட்டும் கேட்டேன். பயிற்சியாளர் ஒரு தாளை எடுத்து வைத்துப் பேசினார். ஓடிவந்து மேசை மீது தாவும் வால்ட், குறுகிய கட்டை மேல் செய்யும் பீம், ஃப்ளோர் மூன்றிலும் அவள் ஐந்தாம் லெவலுக்குத் தயாராக இருக்கிறாள் என்றும், தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாக இரண்டு கம்பிகள் உள்ள பார்ஸில் கிப் என்ற அசைவு இன்னும் வரவில்லை என்றும் விளக்கினார். கம்பியைப் பிடித்து முன்னால் வழுக்கிச் சென்று, கால்களைக் கம்பியருகே கொண்டுவந்து, ஒரே வீச்சில் இடுப்பைக் கம்பிக்கு மேலே ஏற்றி நிறுத்தும் அசைவு அது. நான்காம் லெவலிலேயே அது வேண்டும். ஐந்தில் மேல் கம்பியிலும் செய்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே அசைவுகள் என்பதால் வராததை விட்டுவிட்டு வேறொன்றை வைக்க முடியாது. ஒவ்வொரு போட்டியிலும் அவள் அந்த இடத்தில் புள்ளிகளை இழந்துகொண்டே இருப்பாள்.

கிப் ஏன் வரவில்லை என்பதற்கான பதில், பெற்றோரான எங்களிடமே இருந்தது. அந்த ஆண்டு அவள் வேகமாக உயர்ந்திருந்தாள். உடல் நீண்டதும் பழகிய வீச்சு கைவிட்டுப் போனது. அதோடு குதிகால் வலி. வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் ஏற்படும் செவர்ஸ் என்று மருத்துவர் சொல்லி, ஓட்டத்தையும் தாவலையும் ஆறு வாரங்கள் குறைக்கச் சொல்லியிருந்தார். பார்ஸ் பயிற்சிக்குத் தடையில்லை என்று தெரிந்தும், வலியோடு அனுப்ப மனமில்லாமல் பல நாட்கள் நான்தான் அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்த நாட்களை மறந்துவிட்டுப் பயிற்சியாளரைக் குறை சொல்ல இருந்தேன் என்பது உண்மை.

ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. இன்னொரு சிறுமியின் பெயரைச் சொல்லி, அவளுக்குக் கிப் வருகிறதா என்று கேட்டுவிட்டேன். மற்றக் குழந்தைகளைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அவர் மென்மையாகச் சொன்னார். என் மகளைப் பற்றி வேறொரு தாய் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

கணவருக்கு மனம் ஒப்பவில்லை. நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள மற்றொரு கூடத்தில் சோதனை வகுப்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஐந்தாம் லெவலில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றார்கள். இரண்டு நாட்கள் எங்கள் வீட்டில் அதுவே பேச்சாக இருந்தது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி, அதன் மேல் போக வரப் பயணம், குதிகால், வீட்டுப்பாடம் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். கிப் எப்போது வரும் என்று கேட்டதற்கு, எங்கள் பயிற்சியாளர் சொன்ன பதில்தான் அங்கும் வந்திருந்தது: தோளிலும் வயிற்றிலும் வலு வேண்டும், பொறுமை வேண்டும்.

பிறகுதான் மகளிடம் கேட்டோம். பயிற்சியாளரின் தாளில் இரண்டு திட்டங்களும் பக்கம் பக்கமாக, மேல் கீழ் இல்லாமல் வரையப்பட்டிருந்தன. அதை அப்படியே அவள் முன் வைத்தோம். ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு விதிகளுக்கு உட்பட்டு மாற முடியும் என்பதையும் சொன்னோம். அவள் வெகுநேரம் பார்த்தாள். "கோல்டில் என் பாட்டை நானே எடுக்கலாமா?" என்று கேட்டாள். எடுக்கலாம், ஆனால் சொற்கள் இல்லாத இசையாக இருக்க வேண்டும் என்றேன். அன்று மாலை கையொப்பமிட்டோம்.

ஜூன், ஜூலை மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. பழைய தோழிகள் வேறு நேரத்தில் பயிற்சிக்கு வந்தார்கள். முதல் இரண்டு வாரம் அவள் காரில் எதுவும் பேசாமல் வந்தாள். அவர்களில் ஒருத்தியின் பிறந்தநாள் விழாவில் புதிய குழுச் சட்டைகளைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவள் எழுந்து என் அருகில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தேற்ற எதையும் சொல்லாமல், கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு ஆறு மணி நேரமாகப் பயிற்சி குறைந்ததால் குதிகால் வலி ஆகஸ்டுக்குள் அடங்கியது. கிப் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பின் பதினைந்து நிமிடம் பார்ஸில் நிற்கப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். அவள் தேர்ந்தெடுத்தது ஒரு வீணை இசை. அதைப் போட்டி நேரத்துக்குள் அடங்கும்படி வெட்டித் தருவதற்காக, வேறு கூடத்துக்கு மாற்றியே தீருவேன் என்று நின்ற என் கணவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியுடன் அவளருகே உட்கார்ந்தார். கடைசித் தாவலுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த இடத்தை அவர் மூன்று முறை மாற்றிக் கொடுத்தார்.